கொல்வினின் வாக்கியமும் ஏழாம் பிரிவும்

மொழிப் பிரச்சினை பற்றி நம் மாணவர் மத்தியில் நடைபெறும் விவாத அரங்குகளிலே ஒரு வாக்கியம் பெரும்பாலும் தவறாது இடம்பெறும். ஒரு மொழி என்றால் இரு நாடு, இரு மொழி என்றால் ஒரு நாடு எனப் பொருள்பட, 1956 ஆம் ஆண்டு அரசகரும மொழி மசோதா மீதான விவாதத்திலே கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா கூறிய வாக்கியமே அது. அதனைக் கேட்டவுடன் சபையோர் கைதட்டுவர். கொல்வினுக்குத் தீர்க்கதரிசி என்ற பட்டமும் கிடைத்துவிடும். இப்பட்டத்தை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அவர் கூறியது பிழை என்பதற்காகவன்று. அவர் கூறியது முற்றிலும் சரி என்பதற்காகவே.

அவ்வுரையை அமைதியாக வாசிப்போர், அது தமிழர்மீது பரிவு காட்டும் உரையன்று என்பதைக் காண்பர். அரசொன்றின் ஐக்கியம் எதனால் நிலைக்கும் என்பது பற்றி, பெரும்பான்மை உறுப்பினரை நோக்கிச் செய்யப்பட்ட வாதம் அது. ஒரு மக்கட் பிரிவினரை அவர்தம் மொழி காரணமாக அரசிலிருந்து அந்நியப்படுத்தினால், இச்சிறு தீவிலிருந்து குருதி சிந்தும் இரு துண்டுகள் தோன்றக்கூடும்; அண்மையிலே விட்டகன்ற ஏகாதிபத்தியம் அவற்றை மீண்டும் விழுங்கக் காத்திருக்கும் என்பது அவ்வாதத்தின் சாரம். ஆகவே அது ஆரூடம் அன்று, நிபந்தனை. இன்னதைச் செய்தால் இன்னது விளையும், ஆதலாற் செய்யாதீர் என்பதே அதன் வடிவம். இவ்வாறு கூறிய ஒருவரிடம் நாம் கேட்கவேண்டிய கேள்வி, அவர் சொன்னது பலித்ததா என்பதன்று. செய்யாதீர் என்றவர் பின்னர் என்ன செய்தார் என்பதே.

1956 இல் அவரும் அவருடைய தோழர்களும் காட்டிய துணிவைக் குறைத்து மதிப்பிடுவது நன்றிகேடு. லங்கா சமசமாஜக் கட்சிக்கு அன்று பிரதிநிதிகள் சபையில் 14 ஆசனங்களே இருந்தன. இரு மொழிகளுக்கும் சம அந்தஸ்துக் கோரியமைக்காக, 1955 இல் கொழும்பு நகர மண்டபத்தில் அக்கட்சி நடத்திய கூட்டம் தாக்கப்பட்டது. கொல்வின் வெள்ளவத்தை - கல்கிசைத் தொகுதியின் உறுப்பினர். ஆகவே தமிழ் வாக்குகளுக்காகப் பேசினார் என்று கூறுவோர் உளர். ருவன்வெல்லையைப் பிரதிநிதித்துவம் செய்த என். எம். பெரேராவும் அதே நிலைப்பாட்டில் நின்றமையை இவர்கள் வசதியாக மறந்துவிடுகின்றனர். அது கொள்கையின் குரலே.

அக்குரல் எங்கே தேய்ந்தது? 1964 இல் சமசமாஜக் கட்சி சிறீமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கத்தில் இணைந்தது. 1966 ஜனவரியில், தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டத்தின் கீழான பிரமாணங்களை எதிர்த்து வீதியில் இறங்கியோருடன் அக்கட்சியும் நின்றது. ஆயினும் இவையாவும் முன்னுரையே. 1970 இல் அமைந்த ஐக்கிய முன்னணி அரசாங்கத்திலே கொல்வின் பெருந்தோட்டக் கைத்தொழில், அரசியலமைப்பு விவகார அமைச்சரானார். அரசியல் நிர்ணய சபையிலே புதிய யாப்பினை நெறிப்படுத்தும் பணி அவர் கைக்கு வந்தது. சிங்களத்தோடு தமிழையும் அரசகரும மொழியாக்கக் கோரிய தமிழரசுக் கட்சியின் திருத்தங்கள் 1971 ஜூனில் நிராகரிக்கப்பட்டன. அக்கட்சியினர் சபையைவிட்டு வெளியேறினர். 1972 மே 22 இல் யாப்பு நடைமுறைக்கு வந்தது.

அதன் ஏழாம் பிரிவை நம் பேச்சாளர்கள் ஒருமுறையேனும் வாசிக்கவேண்டும். 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டத்தில் விதிக்கப்பட்டவாறு சிங்களமே அரசகரும மொழி என்கிறது அது. எந்த மசோதாவை எதிர்த்து அப்புகழ்பெற்ற வாக்கியம் பிறந்ததோ, அதே சட்டம் தன் இலக்கத்தோடும் ஆண்டோடும் குடியரசின் அடிப்படைச் சட்டத்துள் ஏறி அமர்ந்துகொண்டது. அதுவரை சாதாரணப் பெரும்பான்மையால் மாற்றத்தக்கதாயிருந்த ஏற்பாடு, அன்றுமுதல் மூன்றில் இரண்டு பெரும்பான்மையின்றி அசைக்கமுடியாததாயிற்று. தமிழோ எட்டாம் பிரிவில் 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிழலில் ஒதுங்கியது.

இதனினும் பாரதூரமானது கோடீஸ்வரன் வழக்கு. சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையிற் சித்தியெய்தாமையாற் சம்பளவேற்றம் மறுக்கப்பட்ட தமிழ் எழுதுவினைஞர் ஒருவர் நீதிமன்றம் சென்றார். அரசகரும மொழிச் சட்டம் சோல்பரி யாப்பின் 29 ஆம் பிரிவுக்கு முரணானது என 1964 இல் மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரச ஊழியன் சம்பளத்துக்காக வழக்காட முடியாது என்று கூறி உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 1969 இல் கோமறைக் கழகம் அக்காரணத்தை நிராகரித்து, யாப்பு முரண்பற்றி ஆராயுமாறு வழக்கைத் திருப்பி அனுப்பியது. அவ்வாராய்வு நடைபெறுமுன் புதிய யாப்பு வந்தது; 29 ஆம் பிரிவு போயிற்று; வழக்கின் காலடி மண்ணே அகழ்ந்தெடுக்கப்பட்டது. சபையில் கொல்வின் எதிர்த்த சட்டத்தை மன்றில் எதிர்க்க ஓர் எழுதுவினைஞருக்கு எஞ்சியிருந்த வழியை, கொல்வின் நெறிப்படுத்திய யாப்பே அடைத்தது.

அவர் பக்கத்து நியாயங்கள் இல்லாமலில்லை. 29 ஆம் பிரிவு அந்நியர் தந்த ஏற்பாடு, 1948 இல் மலையக மக்களின் குடியுரிமை பறிபோனபோது அது எவரையும் காக்கவில்லை என்பர். உண்மைதான். வேலி ஓட்டையானது என்பதற்காக எஞ்சிய கதியால்களையும் பிடுங்கி எறிவது எவ்வகை விவசாயம்? இன்னொரு நியாயம் எண்ணிக்கை பற்றியது. 1970 இல் சுதந்திரக் கட்சிக்கு 91 ஆசனங்கள், சமசமாஜிகளுக்கு 19. கூட்டாளி எதிர்த்திருந்தாலும் யாப்பு நிறைவேறியிருக்கும் என்பர். 1956 இலும் மசோதா நிறைவேறத்தான் போகிறது என்பதை அறிந்தே அவர் எழுந்து நின்றார். தோற்கப்போகும் வாதத்தை ஆசனமிழக்கும் அச்சமின்றி முன்வைப்பதே எதிர்க்கட்சி வரிசையில் அவருடைய பெருமையாக இருந்ததெனின், அமைச்சர் வரிசையில் அப்பெருமை எங்கே போயிற்று? கைதேர்ந்த வழக்கறிஞர், கிடைத்த கட்சிக்காக வாதாடினார் என்று சிலர் புன்னகையோடு கூறுவர். அவருடைய எதிரிகள்கூட அவரை இவ்வளவு இழிவுபடுத்தவில்லை.

சட்டசபைப் பங்களிப்பு என்றவுடன் நாம் நாவன்மையையே நினைக்கின்றோம். செல்வநாயகத்தின் குரல் மெலிந்தது. மேடையதிரப் பேசும் ஆற்றல் அவருக்கில்லை. இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமை மசோதாவை எதிர்த்தபோது, இன்று மலையகத் தமிழருக்கு நேர்வது நாளை மொழியின் பெயரால் நமக்கும் நேரும் என எச்சரித்தார். மறு ஆண்டே, அரசாங்கத்தில் இணைந்துவிட்ட தம் பழைய கட்சியை விட்டு விலகிப் புதுக்கட்சி கண்டார். 1972 யாப்பை எதிர்த்துக் காங்கேசன்துறை ஆசனத்தையே துறந்தார். 1975 பெப்ரவரி வரை இழுத்தடிக்கப்பட்ட இடைத்தேர்தலில் வென்று மீண்டார். தமிழரசுக் கட்சியின் வர்க்க நிலைபற்றி எனக்குக் கடும் விமரிசனங்கள் உண்டு, அவை வேறு. இங்கு நான் சுட்டுவது, பேச்சும் வாக்கும் பதவியும் ஒரே திசையிற் சென்றன என்பதையே.

இதனைக் கொண்டு கொல்வினைத் துரோகி என்று முத்திரை குத்தி, 1956 உரையையும் குப்பையில் எறிய விரும்புவோருக்கும் நான் உடன்படேன். அவ்வுரை 1972 இன் கொல்வினுக்கு எதிரான மிகச் சிறந்த சாட்சியம். அதனை எறிந்துவிட்டு அவரை எதைக்கொண்டு விசாரிப்பது? 1977 தேர்தலிற் சமசமாஜக் கட்சி ஓர் ஆசனமும் இன்றித் தோற்றது. 1987 இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்று எழுதியபோது கொல்வின் உயிரோடிருந்தார். விவாதிக்க அவருக்கு ஆசனம் இருக்கவில்லை. 1989 இல் காலமானார்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். 1956 விவாதத்தில் அவர் நிகழ்த்திய உரையையும், 1971 இல் அரசியல் நிர்ணய சபையில் மொழித் தீர்மானம் பற்றி நடந்த விவாதத்தையும் முழுமையாகத் தமிழாக்கி, இம்மலரின் அடுத்த இதழில் அருகருகே அச்சிடுக. மொழிபெயர்க்க முன்வரும் மாணவர் கலைப்பீடத்தில் உளர்.