வேலையால் வந்த நோய் என்று யார் சொல்வது?

கப்பலுக்கும் நமது தேயிலை மலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். உடம்புக்கு முடியாமல் வேலையை விட்டு நிற்கும் நாளில், அவர்களும் நாமும் ஒரே வாசலில்தான் நிற்கிறோம்.

வெளிநாட்டுக் கப்பல்களில் பிலிப்பைன்ஸ் தொழிலாளர்கள் லட்சக்கணக்கில் வேலை செய்கிறார்கள். ஏறும்முன் கம்பனி வைத்தியப் பரிசோதனை செய்து, நல்ல சுகம் என்று எழுதித்தான் அனுப்புகிறது. மாதக்கணக்கில் எஞ்சின் சூட்டிலும் பாரத்திலும் உழைத்து, நெஞ்சு நோவோ முதுகு நோவோ வந்து இறங்கினால், பழைய வியாதியை மறைத்து ஏறினாய் என்று சொல்லும் கம்பனிகளும் உண்டு.

அவர்களின் ஒப்பந்தம் அரசாங்கமே வகுத்தது. ஊர் திரும்பி 3 வேலைநாளுக்குள் கம்பனி டாக்டரிடம் காட்ட வேண்டும்; தக்க காரணமின்றித் தவறினால் உரிமை போய்விடும். ஆனால் டாக்டருக்கும் கெடு உண்டு. 120 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சிகிச்சை மீதியிருந்தால் 240 நாள். அதற்குள்ளும் முடிவு இல்லையென்றால், நிரந்தரமாக முழுதும் இயலாதவர் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். கம்பனி டாக்டர் சொன்னது பிழையென்றால் தொழிலாளி தன் சொந்த டாக்டரிடம் போகலாம். இருவரும் முரண்பட்டால், இரு தரப்பும் சேர்ந்து தெரிவு செய்யும் மூன்றாவது டாக்டரின் சொல்லே முடிவு.

நமக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. பட்டியலில் இல்லாத நோயாக இருந்தாலும் அது வேலையால் வந்தது என்றே முதலில் கொள்ள வேண்டும் என அந்த ஒப்பந்தம் சொல்கிறது. நடைமுறையில் நீதிமன்றங்கள் வேலை நிலைமைக்கு ஆதாரம் கேட்கத்தான் செய்கின்றன. இருந்தாலும் தொடக்கம் தொழிலாளி பக்கம் இருக்கிறது.

நம்மிடம் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. மலையில் விழுந்து கால் முறிந்தால் விபத்து என்று காட்டலாம். நோய்க்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். இருபது வருடம் கூடை சுமந்த முதுகு, மருந்தடித்தே கெட்ட நெஞ்சு இவற்றுக்கெல்லாம் வேலைதான் காரணம் என்று நிரூபிக்கும் பாரம் நமது தலையில். சுமந்தது போதாதா?

அங்கேயும் எல்லாம் நல்லபடி இல்லை. 2024 செப்டம்பரில் கப்பல் தொழிலாளர்களுக்கென்று வந்த புதிய சட்டத்தில், வழக்கில் வென்றாலும் மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது தகராறிலுள்ள தொகையைப் பெற தொழிலாளியே பிணை கட்ட வேண்டும் என்று சேர்த்துவிட்டார்கள். பிறகு தீர்ப்பு மாறினால் பணத்தைத் திரும்ப வாங்க முடியவில்லை என்பது முதலாளிமாரின் நியாயம். நோயாளி பிணைக்கு எங்கே போவார்? உரிமை தரும் சட்டத்துக்குள்ளேயே உரிமையைப் பிடித்து வைக்கவும் வழி செய்யலாம் என்பதை நமது பேச்சுவார்த்தைக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

அடுத்த பேச்சுவார்த்தையில் இரண்டாவது டாக்டரின் கருத்தையும், முடிவு சொல்ல நாள் கணக்கையும் கேட்க வேண்டும் என்பது நமது நிலைப்பாடு. அதுவரை டிஸ்பென்சரிக்குப் போகிறவர்கள் நோவை மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். எந்த மலையில், என்ன வேலையில் இருக்கும்போது வந்தது என்பதையும் துண்டில் எழுதச் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியை எறிய வேண்டாம். எழுத மறுத்தால் அன்றைக்கே தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள்.