கறுத்த கும்பா

திருவண்ணாமலையில் கார்த்திகை மாதம் பிறந்துவிட்டால் யாருக்கும் சொந்த வீடு என்று ஒன்று கிடையாது. எல்லா வீடும் உறவினர் வீடுதான். ஐந்தாம் நாள் இரவு வெள்ளி ரிஷப வாகனம் சேவிக்க வருகிறவர்கள் ஆறாம் நாள் வெள்ளி ரதத்துக்கும் தங்குவார்கள். ரதம் பார்த்தவர்கள் தீபம் பாராமல் போவார்களா? ஆகவே பரணிலிருந்து அண்டாவும், பெட்டியிலிருந்து வெள்ளியும் இறங்குகிற மாதம் இது.

சென்ற கார்த்திகையில் சன்னதித் தெருவிலுள்ள நம் அத்தை ஆளனுப்பி நம்மை அழைத்தாள். போனோம். கூடத்தில் பழைய டிரங்குப் பெட்டி திறந்திருந்தது. வெள்ளிச் சாமான்கள் பாயில் பரப்பியிருந்தன.

"பேத்திக்குத் தை மாசம் கல்யாணம். கறுத்துப்போய்க் கிடக்கிறதையெல்லாம் போட்டுவிட்டுப் பெரியதாக ஒரு ஜோடிக் குத்துவிளக்கு வாங்கலாம் என்றிருக்கிறேன். நீ நாலெழுத்துப் படித்தவன், கூட வந்து எடையை மட்டும் பார்த்துக்கொள், அப்பா" என்றாள்.

அத்தை சொன்னதில் தவறில்லை. 2025-ஆம் ஆண்டில் கிலோ வெள்ளி ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டி வெகுதூரம் சென்றபோது, பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்த வெள்ளியெல்லாம் விழித்துக்கொண்டது. ஆனால் கடைக்குப் போகுமுன் சாமான்களை ஒருமுறை பார்த்துவிடலாமே என்று தோன்றிற்று. பரீட்சைத் தாள் திருத்துகிறவனுக்கு எதையும் திருப்பிப் பார்க்கிற வழக்கம் விடுமா? ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் பார்த்தோம். வெள்ளியின் சரித்திரம் பெரும்பாலும் அதன் அடியில்தான் இருக்கிறது.

முதலில் கைக்கு வந்தது ஒரு பெரிய தட்டு. பெட்டியிலேயே அதுதான் பளபளப்பு. அத்தைக்கு அதன்மேல்தான் நம்பிக்கையும் அதிகம். அடியில் ஈ.பி.என்.எஸ். என்று நான்கு ஆங்கில எழுத்துக்கள் இருந்தன. செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த உலோகத்தின்மேல் மின்சாரத்தால் வெள்ளிப் பூச்சு ஏற்றியது என்பது அந்த எழுத்துக்களின் பொருள். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்து எல்கிங்டன் கம்பெனியார் 1840-ல் உரிமைபெற்ற முறை இது. ஜெர்மன் ஸில்வர் என்று நாம் சொல்லுவதும் இதே கலப்பு உலோகந்தான். பெயரில் உள்ள வெள்ளி பொருளில் இல்லை. இத்தகைய தட்டின் விளிம்பையும், கை படும் மேடுகளையும் பார்த்தால் போதும். பூச்சுத் தேய்ந்த இடத்தில் உள்ளேயிருக்கும் உலோகம் வேறு நிறமாகத் தலைகாட்டும். நம் தஞ்சாவூர்த் தட்டையும் சிலர் முழு வெள்ளி என்று எண்ணுவதுண்டு. அதன் அடித்தட்டு பித்தளை. மேலே பதித்த உருவங்களில்தான் வெள்ளியும் செம்பும் வருகின்றன. அது ஏமாற்று அன்று. அந்தக் கலையின் இலக்கணமே அப்படி.

அடுத்தது பன்னீர்ச் சொம்பு. கழுத்து மெலிந்து, வேலை நயமாக இருந்தது. ஆனால் கழுத்தும் உடலும் சேருமிடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. எப்போதோ ஆடிப்போன கழுத்தை யாரோ ஈயம் வைத்துப் பற்றியிருக்கிறார்கள். வெள்ளியை வெள்ளிப் பொடி வைத்துத்தான் பற்றவேண்டும். ஈயம் பட்ட இடத்தைப் பிறகு நெருப்பில் காட்டினால் அது வெள்ளியை அரித்துக் குழியாக்கிவிடும். பழைய சாமான் வாங்குகிறவர்கள் ஒடுக்கு விழுந்ததற்கு அவ்வளவாக அஞ்சுவதில்லை. ஒடுக்கை எடுக்கத் தெரிந்த ஆசாரிகள் உண்டு. கெட்ட பற்றுக்குத்தான் அஞ்சுகிறார்கள். வாயால் ஊதினால் ஆவி படியும்போது பழைய பற்றுத் தனியாகத் தெரியும். இந்தச் சிறு வித்தையை எவரும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

மூன்றாவதாக வந்தது ஒரு தண்ணீர்ச் சொம்பு. அதைக் கண்டதும் நமக்குக் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. காரணம் உண்டு. பத்து வயதில் ஒரு பொங்கலுக்கு முந்திய நாள், அத்தையிடம் நல்ல பெயர் வாங்க ஆசைப்பட்டு, அதே சொம்பைச் செங்கற்பொடியும் புளியும் போட்டு ஒரு பகற்பொழுது முழுவதும் தேய்த்தோம். சொம்பு கண்ணாடிபோல் ஆயிற்று. நமக்கு ஓர் அதிரசமும் கிடைத்தது. அப்போது அதன் தோளில் புள்ளிப் புள்ளியாய் ஏதோ எழுத்து இருந்தது ஞாபகம். இப்போது விரலால் தடவினால் ஒரு சொரசொரப்புத்தான் இருக்கிறது. என்ன எழுதியிருந்தது என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. ஓர் அதிரசத்துக்காக ஒரு சாசனத்தை அழித்தவர் நாம் என்பதை வாசகர்களிடம் மறைப்பானேன்?

வெள்ளி கறுப்பதைப் பற்றி நம் வீடுகளில் வீணான பயம் இருக்கிறது. காற்றிலுள்ள கந்தகச் சேர்க்கை வெள்ளியின் மேற்பரப்போடு கூடி மெல்லிய கறுப்பாகப் படிகிறது, அவ்வளவுதான். அது துருவைப்போல் உள்ளே சென்று தின்பதில்லை. பெரும்பாலும் சேதம் கறுப்பினால் அன்று, அதைப் போக்க நாம் செய்யும் யுத்தத்தினால்தான் வருகிறது. தேய்க்குந்தோறும் வெள்ளி ஓர் இம்மி போகிறது. முதலில் மேடான வேலைப்பாடு போகிறது. பிறகு எழுத்துப் போகிறது. அந்தக் காலத்துப் பெரியவர்கள் விபூதியைத் துணியில் தொட்டு மெல்லத் துடைத்தார்கள். அது எவ்வளவோ மேல். இப்போது அலுமினியத் தகடும் சோடாவும் வெந்நீருமாக ஒரு முறை பரவியிருக்கிறது. அதில் கறுப்பு மாறி மறுபடி வெள்ளியாவது உண்மை. ஆனால் பூவேலையின் பள்ளங்களில் நிழல்போல் இருக்கவேண்டிய கறுப்பும் சேர்ந்து போய், சாமான் உயிரில்லாமல் வெளுத்து நிற்கும். ரப்பர் வளையமும் கம்பளித் துணியும் வெள்ளிக்கு ஆகா. இரண்டிலும் கந்தகம் உண்டு. உப்பு அதைவிடப் பொல்லாதது. துவைத்த பருத்தித் துணியில் சுற்றி, ஈரமில்லாத இடத்தில் வைத்தால் போதும்.

கடைசியில் பெட்டியின் மூலையில் கிடந்தது, கரிக்கட்டைபோல் கறுத்த ஒரு சந்தனக் கும்பா. "இதுதான் முதலில் போகவேண்டியது" என்று அத்தை அதைத் தனியாக ஒதுக்கி வைத்திருந்தாள். அழகில்லை என்று யாரும் தொடாததே அதற்கு அதிர்ஷ்டமாயிற்று. ஈரத் துணியால் மெல்ல ஒற்றி எடுத்து, அடியை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தோம். உளியால் புள்ளி குத்திய தமிழ் எழுத்துக்கள் ஒரு பெண்ணின் பெயரைக் காட்டின. அதன்கீழ், 'சுபகிருது வரு. எடை ரூ. 25' என்றிருந்தது.

சுபகிருது வருஷம் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வருவது. 1902-லும் வந்தது, 1962-லும் வந்தது. இரண்டில் எது? எடை அதைச் சொல்லிற்று. ரூபாய் எடை என்பது ஒரு தோலா. 180 குன்றிமணி என்று நினைத்துவிடாதீர்கள், 180 கிரெயின். இன்றைய கணக்கில் 11.66 கிராம். நம் நாட்டில் மெட்ரிக் எடைக்கான சட்டம் 1956-ல் வந்து, 1962-க்குள் பழைய எடைகள் விலகிவிட்டன. ஆகவே ரூபாய் எடை குறித்த இக் கும்பா 1902-ஐச் சேர்ந்ததாக இருக்கவே நியாயம் மிகுதி. அத்தையின் புக்ககத்தில் மூன்று தலைமுறைக்கு முந்திய கல்யாணத்துக்கும் அந்த ஆண்டு பொருந்திற்று.

இருபத்தைந்து ரூபாய் எடை என்றால் 291½ கிராம். தராசில் வைத்தோம், 286 கிராம் காட்டிற்று. ஐந்தரைக் கிராமை நூற்றிருபது வருஷத்துக் கைகள் கொண்டுபோயிருக்கின்றன. வித்தியாசம் இதைவிட மிகப் பெரிதாயிருந்தால், ஏதோ ஒரு பாகம் போய்விட்டது என்றோ, மாற்றப்பட்டது என்றோ சந்தேகிக்கவேண்டும். எழுதிவைத்த எடை இப்படித்தான் சாட்சி சொல்கிறது.

எடையை எழுதிவைப்பது நமக்குப் புதிதன்று. ராஜராஜ சோழன் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொடுத்த பொன்னையும் வெள்ளிப் பாத்திரங்களையும் கல்லில் பட்டியலாக வெட்டிவைத்தான். பொன்னை நிறுத்த கல்லுக்கு 'ஆடவல்லான்' என்று பெயர். பாத்திரங்கள் எங்கே போயினவோ, பட்டியல் மட்டும் ஆயிரம் ஆண்டாக நிற்கிறது.

எடை சரி, மாற்று என்ன? அந்த நாளில் வீட்டுக்காரர் ரூபாய் நாணயங்களையே கொடுத்து, கண்ணெதிரே உருக்கிப் பாத்திரம் செய்வித்துக்கொள்வது வழக்கம். ரூபாய் நாணயத்தில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940-ல் யுத்த நெருக்கடியில் சர்க்கார் அதைப் பாதிக்குப் பாதியாக்கினர்; 1947-ல் நிக்கல் ரூபாய் வந்தது. ஜெய்ப்பூர் மகாராஜா இரண்டாம் மாதோ சிங், வெள்ளி நாணயங்களை உருக்கிச் செய்வித்த பிரம்மாண்டமான பானைகளில் கங்கை நீர் நிரப்பிக்கொண்டு லண்டன் முடிசூட்டு விழாவுக்குக் கப்பலேறியதும் இதே 1902-ல்தான். பானை ஒன்று 345 கிலோ. அந்த ஆண்டில் வடக்கே நாணயம் பானையாகப் போயிற்று. தெற்கே இருபத்தேழு இருபத்தெட்டு நாணயம் கும்பாவாயிற்று போலும்!

இங்கிலாந்தில் செய்த வெள்ளியில் சிங்க முத்திரை, ஊர் முத்திரை, ஆண்டைக் குறிக்கும் எழுத்து எல்லாம் இருக்கும். அவற்றைப் படிக்கத் தெரிந்தால் ஜாதகமே கிடைத்துவிடும். நம்மை ஆண்ட வெள்ளைக்காரர் இந்தியாவில் அப்படியொரு சட்டம் செய்யவில்லை. சென்னை மவுண்ட் ரோட்டில் பி. ஓர் அண்டு ஸன்ஸ் போன்ற கம்பெனிகள் தங்கள் பெயரைத் தாங்களே பொறித்துக்கொண்டன. தேநீர்க் கூஜாவைச் சுற்றிலும் தேவதை உருவங்களை எழுப்பிய 'சுவாமி வேலை' அங்கே பெயர்பெற்றது. கம்பெனிப் பெயர் அடியில் இருக்கிறது; உருவங்களை எழுப்பிய நம் ஆசாரியின் பெயர் எங்கும் இல்லை. 2008-ல் நியூயார்க் கொலம்பியா சர்வகலாசாலையில் இத்தகைய இந்திய வெள்ளிக்கென்றே ஒரு கண்காட்சி நடந்தது. அங்கே கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்க்கிறார்கள். இங்கே மூசையில் போட்டு உருக்குகிறோம்.

கடைக்கும் போனோம். கடைக்காரர் மரியாதையாகவே பேசினார். இயந்திரத்தில் காட்டி மாற்றுச் சொன்னார். அந்தக் கருவி மேற்பரப்பைத்தான் படிக்கும், ஆகையால் ஓரிடத்தில் காட்டினால் போதாது, அடி, விளிம்பு, பற்றுவாய் என்று பல இடத்தில் காட்டவேண்டும் என்று கேட்டுக்கொண்டோம், அவரும் இசைந்தார். பிறகு கணக்குப் போட்டார். பழையதற்கு உலோக விலை மட்டும். புதியதற்கு உலோக விலை, செய்கூலி, சேதாரம். நூறு வருஷத்துக்கு முன் ஒருவர் செய்த வேலைக்குக் கூலி இல்லை. நேற்று அச்சில் அடித்ததற்குக் கூலி உண்டு. இது கடைக்காரர் குற்றமன்று. உருக்கப் போகிற பொருளுக்கு வேலை ஏது, பெயர் ஏது?

அத்தை ஒன்றும் பேசாமல் கும்பாவை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெயருக்குரியவள் அவளுடைய கணவருக்குப் பாட்டி. வீட்டில் எல்லாரும் 'பெரிய பாட்டி' என்றே சொல்லிப் பழக்கம். அவளுக்குப் படம் இல்லை. வீட்டுப் பத்திரங்களில் ஆண்களின் பெயர்தான். அந்தப் பெயர் எழுதியிருந்தது உலகத்திலேயே இந்தக் கும்பாவின் அடியில் மட்டுந்தான்.

"ஐம்பது வருஷமாய் இதில் சந்தனம் கரைத்திருக்கிறேன். இவளுக்கும் ஒரு பெயர் இருந்திருக்கிறது, பார்" என்றாள் அத்தை. சற்றுப் பொறுத்து, "போன வருஷம் ஒரு கூஜாவும் இரண்டு கிண்ணமும் போட்டேனே, அவற்றில் என்ன எழுதியிருந்ததோ?" என்று கேட்டாள். நம்மிடம் பதில் இல்லை.

அன்று கைமாறியவை, கல்யாணங்களில் வந்து குவிந்த வழவழப்பான டம்ளர்கள் மட்டுமே. அவற்றுக்குப் பெரிய விளக்கு கிடைக்கவில்லை. சிறிய ஜோடிதான் கிடைத்தது. தை மாதம் கல்யாணத்தில், கறுப்பு முழுவதும் போகாத கும்பாவில்தான் சந்தனம் கரைத்து வைத்தார்கள். அமெரிக்காவிலிருந்து வந்திருந்த பேரன் அதைத் தன்னோடு எடுத்துப்போக ஆசைப்பட்டான். நூறாண்டு கடந்த கைவேலைப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இடங்கொடாது என்று சொன்னோம். அத்தைக்கு அந்தச் சட்டத்தின்மேல் உடனே ஒரு பிரியம் உண்டாகிவிட்டது.

வெள்ளியை விற்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. நம் வீடுகளில் வெள்ளி என்பது கஷ்டகாலத்துக்கு வைத்த துணை. பிள்ளையின் படிப்புக்கும் வைத்தியத்துக்கும் அது உதவாமல் வேறெது உதவும்? ஆனால் போகிற சாமான் போகட்டும், அதன் செய்தியாவது நிற்கட்டும். நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். சாமானின் பெயர், இன்றைய எடை, அடியிலுள்ள எழுத்து, முத்திரை, ஒடுக்கு, பற்று, யார் வீட்டிலிருந்து யாருடன் வந்தது என்று வரிசையாக எழுதி, ஒரு படமும் எடுத்து வைக்கலாம். வீட்டில் வயதானவர்கள் இருக்கும்போதே இதைச் செய்வது நல்லது. கடைசி வரிக்கு விடை அவர்களிடந்தான் இருக்கிறது.

அத்தை வீட்டு நோட்டை நாமே எழுதிக் கொடுத்தோம். முதல் பக்கத்தில் கும்பாவையும், அதன் அடியிலிருந்த பெயரையும் எழுதினோம். தண்ணீர்ச் சொம்புக்கு எதிரே, 'எழுத்து இருந்தது; தேய்த்து அழித்தவர்' என்று எழுதி, நம் பெயரையும் போட்டிருக்கிறோம்.