நரிக்குக் குரல் கொடுத்தவர் யார்?

எங்கள் ஊர் நரிக்குடி. மானாமதுரையிலிருந்து விருதுநகர் போகும் ரயில் பாதையில் நடுவில் வரும். வெளியூர்க்காரர்களிடம் பேரைச் சொன்னால் உடனே, ''அண்ணே, ஊர்ல நரி இருக்கா?'' என்பார்கள். சீமைக் கருவேலம் இருக்கிறது, மிளகாய் இருக்கிறது, வெயில் தாராளமாக இருக்கிறது. நரி? 2007-ல் சுட்டி டி.வி. தொடங்கி, அதில் டோரா தமிழ் பேச ஆரம்பித்த பிறகுதான் வீட்டுக்கு வீடு நரி வந்தது.

நாகரிகமான நரி சார் அது! திருடாதே என்று மூணு தடவை சொன்னால் திரும்பிப் போய்விடும். பொடிசுகள் டி.வி. முன்னால் உட்கார்ந்து கத்துகிற கத்தலில் அடுத்த தெரு திருடன்கூட மனசு மாறியிருப்பான்.

சரி, ஒரு சின்ன பொது அறிவுக் கேள்வி. அந்த நரிக்குத் தமிழில் பேசியவர் பேர் என்ன? டோராவுக்கு? ஜாக்கி சான் கார்ட்டூனில் வரும் பழம்பொருள் கடைக் கிழவருக்கு? ஆபீஸில் பக்கத்து ஸீட் பார்ட்டி இன்றைக்கும் அந்தக் கிழவர் மாதிரி பேசிக் காட்டுவார். பேரைக் கேளுங்கள், ஃபைலுக்குள் தலையை விட்டுக் கொள்வார்!

(இங்கிலீஷிலும் அந்த கார்ட்டூன் ஜாக்கிக்குப் பேசியது ஜாக்கி சான் இல்லை. ஜேம்ஸ் ஸீ என்ற நடிகர்.)

பொம்மைக்குப் பேசுவது ஈஸி என்று நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். அமெரிக்காவில் பெரும்பாலும் முதலில் குரலைப் பதிவு செய்துவிட்டு, அதற்கேற்றபடி படம் வரைகிறார்கள். அங்கே பொம்மை மனுஷனுக்கு வாயசைக்கிறது. டப்பிங்கில் உல்ட்டா. மனுஷன் பொம்மைக்கு வாயசைக்க வேண்டும். திரையில் உதடு ஒட்டுகிற இடத்தில் வசனத்தில் ஒரு 'ப'வோ 'ம'வோ வந்தாக வேண்டும். போதாததற்கு இலக்கணம் வேறு. இங்கிலீஷில் 'ஓடு' என்பது முதலிலேயே வந்துவிடும். தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் சாவகாசமாக வந்து உட்காரும். ''அந்தப் பாலத்தைத் தாண்டி...'' என்று நம் ஆள் இழுத்துக் கொண்டிருந்தால், பொம்மை பாலத்தையே தாண்டிப் போயிருக்கும்!

அசையாமல் மைக் முன்னால் நிற்க வேண்டும். ஆனால் மலையிலிருந்து உருளணும், உதை வாங்கணும், மூச்சிரைக்க ஓடணும். எல்லாம் நின்ற இடத்தில், தொண்டையால்!

இதில் பொம்மைக்கு ஒரு சௌகரியம் உண்டு. அதற்கு வயசாகாது. டோராவுக்கு எப்போதும் 7 வயசு. இங்கிலீஷில் முதலில் அவளுக்குப் பேசிய சிறுமி கேத்லீன் ஹெர்லிஸ் வளர்ந்து பெரியவரானதும், வேறொரு சிறுமி வந்துவிட்டார். பையன்களுக்குக் குரல் உடையும் என்பதால் பெண்கள் பேசுவதும் உண்டு. அமெரிக்காவின் பிரபல வால் பையன் பார்ட் சிம்ப்ஸனுக்கு வயசு 10. 1987-லிருந்து அவனுக்குப் பேசும் நான்ஸி கார்ட்ரைட், 1957-ல் பிறந்த அம்மணி. நம் நாட்டில் 2012-ல் வந்த 'மோட்டு பட்லு'வில் ஹிந்தியில் குண்டருக்கும் ஒல்லிக்கும் பேசுவது ஒரே ஆள், சௌரவ் சக்ரவர்த்தி. தன்னோடு தானே சண்டை போட்டுச் சம்பளம் வாங்கும் ஒரே உத்தியோகம் இதுதான்!

சிரிப்பு இத்தோடு போதும். ஜப்பானின் நீலப் பூனை டோரேமானுக்கு 1979 முதல் 2005 வரை பேசியவர் நொபுயோ ஓயாமா. பிற்காலத்தில் அவருக்கு மறதி நோய் வந்தது. 2024-ல் 90 வயதில் இறந்தார். ஜப்பானே அவருக்காகக் கலங்கியது. காரணம், அங்கே குரலுக்குப் பின்னால் இருக்கும் முகத்தை ஜனங்களுக்குத் தெரியும். இங்கே நரிக்குப் பேசியவர் நம் பக்கத்து ஸீட்டில் பஸ்ஸில் வந்தாலும், 'கொஞ்சம் தள்ளி உட்காருங்க' என்போம்.

பேர் தெரியாத குரலை எடுத்துக் கொண்டால் யார் கேட்பது? கேள்வி இப்போது அவசரமாகிவிட்டது. ஒருவர் பேசியதைக் கொடுத்தால், பேசாததையும் அதே குரலில் கம்ப்யூட்டர் பேசிவிடுகிறது. 2024-ல் 'லால் சலாம்' படத்தில் ஏ.ஆர். ரஹ்மான், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களை இப்படித்தான் திரும்பக் கொண்டு வந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, சன்மானமும் கொடுத்ததாகச் சொன்னார். அது முறை. அதே 2024-ல் அமெரிக்காவில் வீடியோ கேம்களுக்குக் குரல் தருபவர்கள், 'கேட்காமல் எங்கள் குரலைத் தொடாதே' என்று ஸ்டிரைக்கில் இறங்கினார்கள். கிட்டத்தட்ட ஒரு வருஷம் நீடித்தது.

நரிக்குடியிலோ திருச்சுழியிலோ, வாத்தியார் மாதிரியும் பஸ் கண்டக்டர் மாதிரியும் பேசிக் காட்டி க்ளாஸையே சிரிக்க வைக்கும் பையன் ஒருத்தன் நிச்சயம் இருப்பான். நாளைக்கு சென்னைக்குப் போய் மைக் முன்னால் நின்றால், அவனிடம் இருக்கும் ஒரே சொத்து அந்தத் தொண்டைதான். தம்பி, கையெழுத்துப் போடும் முன் காகிதத்தை முழுசாகப் படி. குரலை எதற்கு, எத்தனை நாளைக்கு என்று கேட்டு எழுதி வாங்கு.

மூணு தடவை சொன்னால் திரும்பிப் போகிற நரி இல்லை இது!