சாவி யாரிடம்?

முன்பு வேலை பார்த்த ஆபீசிலிருந்து போன். மார்ச் கணக்கு முடிக்க ஆள் போதவில்லையாம், பத்து நாள் மட்டும் வந்து கை கொடுக்க முடியுமா என்றார்கள். எழுதிப் பிழைக்கிறவனுக்குப் பத்து நாள் சம்பளம் கசக்குமா? நான் பி.காமை மறந்தாலும் பி.காம். என்னை மறக்கவில்லை என்று உற்சாகமாகக் கிளம்பினேன்.

மறுவீடு போகிற மாப்பிள்ளை என்று மனசுக்குள் நினைப்பு. வாசலில் வாட்ச்மேன் நோட்டை நீட்டி, "யாரைப் பார்க்கணும்?" என்றார். ஆறு வருஷம் நான் தேய்த்த நாற்காலியில் ஒரு சின்னப் பையன். வவுச்சர் எப்படி எழுதுவது என்று எனக்குப் பொறுமையாகச் சொல்லித் தந்தான். அந்த வவுச்சர் படிவத்தைப் போட்டுக் கொடுத்தவனே நான்தான். சொல்லவில்லை. பத்து நாள் வேலைக்கு எதற்கு வம்பு?

மூன்றாம் நாள் பழைய ஃபைல் ஒன்று தேவைப்பட்டது. எந்த பீரோ, எந்தத் தட்டு எல்லாம் எனக்கு அத்துப்படி. சாவிதான் இல்லை. வைத்திருந்தவர் திருப்பதி போய்விட்டார். டூப்ளிகேட் சாவி? அது பீரோவுக்குள்ளேயே பத்திரமாக இருந்தது. பூட்டுக்காரரைக் கூப்பிடலாமே என்றேன். "டெம்பரவரி ஆள் சொல்லி உடைச்சா, நாளைக்கு யார் சார் பதில் சொல்றது?" என்று கேட்டார்கள். நியாயம்தான். பீரோவைப் பார்த்தபடி உட்கார்ந்தேன்.

பியூன் அண்ணன் டீயை வைத்தார். அங்கே என்னை இன்னமும் 'தம்பி' என்பவர் அவர் ஒருவர்தான். சொந்த ஊர் நல்லவாடு. "எங்க ஊரா இருந்தா இந்நேரம் உடைச்சிருப்பாங்க, தம்பி" என்றார்.

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை.

புதுச்சேரியிலிருந்து கடலூர் ரோட்டில் தவளக்குப்பம் வரை போய்க் கிழக்கே திரும்பினால், ரோடு கடலில் போய் முட்டும் இடம் நல்லவாடு. மீனவர் ஊர். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியதே, அதில் ஒன்று இங்கேயும் வந்தது. கடல் நிலவரத்தை ஒலிபெருக்கியில் ஊருக்குச் சொல்வார்கள். கடலுக்குப் போகிறவர்களுக்கு அது சினிமாப் பாட்டைவிட முக்கியம். அந்த மையத்தில் தொண்டராக இருந்த உள்ளூர் இளைஞர் ஒருவர், பிற்பாடு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நம் நேரப்படி காலை ஆறரை மணிவாக்கில் சுமத்ரா பக்கம் கடலடியில் பூகம்பம். அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவ்வளவு நேரம் இருந்தும் 'ஓடுங்கள்' என்று சொல்ல ஆளில்லை. ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்ததே 2007-ல்தான்.

சிங்கப்பூரில் செய்தி கேட்ட அந்த இளைஞர் வீட்டுக்குப் போன் போட்டார். வீட்டுக்குள் தண்ணீர் கசிகிறது என்றார் சகோதரி. உடனே வெளியேறு, கத்தி எல்லாரிடமும் சொல்லு என்றார் இவர். வெளிநாட்டிலிருந்த இன்னொரு ஊர்க்காரரும் போனில் எச்சரித்தார். ஒலிபெருக்கி இருந்த கட்டடமோ பூட்டிக் கிடந்தது.

சாவி யாரிடம் என்று தேடவில்லை. கதவை உடைத்தார்கள். கடலுக்குப் போகலாமா என்று தினமும் சொன்ன ஒலிபெருக்கி, அன்றைக்குக் கடலை விட்டு ஓடச் சொன்னது. சைரனும் ஊதியது. வீடுகள் போயின, படகுகள் போயின. சுமார் 3,600 பேர் இருந்த ஊரில் ஓர் உயிர் போகவில்லை. அதே நாளில், அதே கரையில், நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேர் போனார்கள்.

அந்த இளைஞர் தன் பழைய வேலைக்குத் திரும்பியது ஒரு போன் கால் நேரத்துக்குத்தான். அவரும் டெம்பரவரிதான். அவர் சொல்லுக்கு யார் பதில் சொல்வது என்று ஊரில் யாரும் கேட்கவில்லை.

எனக்குப் பேச்சு வரவில்லை. ஆனாலும் புத்தி எங்கே போகும்? "கதவை உடைச்ச செலவை எந்தக் கணக்குல எழுதினாங்கண்ணே?" என்றேன். முறைத்தபடி காலி டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆறாம் நாள் திருப்பதியிலிருந்து லட்டும் சாவியும் வந்து சேர்ந்தன. லட்டு எனக்கு. சாவியை அந்தச் சின்னப் பையனிடம் கொடுத்தார்கள்.