காதர்பேட்டைக்கு இக்போ தெரிய வேண்டாமா?

திருப்பூர் காதர்பேட்டை பனியன் கடைக்காரர்களுக்கு நைஜீரியாவை யாரும் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் சரக்கைப் பேரம் பேசி வாங்கி, மூட்டை கட்டி அனுப்பும் ஆப்பிரிக்க வியாபாரிகள் பல ஆண்டுகளாக இங்கே வந்துபோகிறார்கள். ராயபுரம் பக்கம் குடியிருக்கவும் செய்கிறார்கள். ஆனால் இந்த ஊர் அவர்களுக்கு வைத்திருக்கும் பெயர் ஒன்றுதான்: 'நீக்ரோ'. அவர் பேசுவது இக்போவா, யோருபாவா, ஹௌசாவா என்று கேட்க ஆளில்லை. காசு மட்டும் இனிக்கிறது.

நம் ஊர்க் கல்லூரிகளில் பி.காம். இருக்கிறது, காஸ்ட்யூம் டிசைன் இருக்கிறது. ஆப்பிரிக்க மொழியையும் பண்பாட்டையும் இளங்கலையில் துணைப்பாடமாகப் படிக்க வழியில்லை. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்க ஆய்வுத் துறை 1955-லேயே வந்துவிட்டது. மும்பையில் 1971-ல் வந்தது. ஆப்பிரிக்கரோடு அன்றாடம் கொடுக்கல் வாங்கல் செய்யும் திருப்பூருக்கு மட்டும் அது வேண்டாமாம்.

"அதைப் படித்து என்ன வேலைக்குப் போவது?" என்பார்கள். பிரெஞ்சு படிக்கும் பிள்ளையிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. வெள்ளைக்காரன் மொழி என்றால் அறிவு, கறுப்பன் மொழி என்றால் வேலைக்கு ஆகாதது. மொழிக்கும் வருணம் பார்க்கிற புத்தி இது.

வியாபாரத்துக்கு உதவும் என்பது உண்மைதான். ஆனால் நான் இதைக் கேட்பது அதற்காக அல்ல, சாதியைப் புரிந்துகொள்ள.

இக்போ மக்களிடையே 'ஓசு' என்று ஒரு பிரிவு உண்டு. தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்டவர்களின் வாரிசுகள் என்று சொல்லி, பிறப்பாலேயே ஒதுக்கப்பட்டவர்கள். அவர்களோடு பெண் கொடுத்துப் பெண் எடுக்க மாட்டார்கள். கேட்ட கதை போல இருக்கிறதா? சினுவா அச்செபே 1960-ல் எழுதிய நாவலில், இங்கிலாந்தில் படித்துத் திரும்பிய இளைஞனின் காதல், அந்தப் பெண் ஓசு என்பதாலேயே முறிகிறது. இந்தியாவில் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது 1955-ல். கிழக்கு நைஜீரியச் சட்டமன்றம் ஓசு முறையைத் தடை செய்தது 1956-ல். இரண்டு இடத்திலும் சட்டம் வந்தது, கல்யாணப் பந்தலில் மட்டும் சாதி உட்கார்ந்தே இருக்கிறது. இந்த ஒப்பீட்டை நம் மாணவர்கள் எந்த வகுப்பில் படிப்பார்கள்?

ஆய்வுக்காக இதே ஊரில் நானும் வாடகை வீடு தேடியிருக்கிறேன். "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்விக்குப் பதில் சொன்னதும், அதுவரை காலியாக இருந்த வீட்டுக்குத் திடீரென்று ஆள் வந்துவிடும். கறுப்பு வியாபாரியிடம் அந்தக் கேள்விகூடக் கேட்க வேண்டாம், தோலே பதில் சொல்லிவிடும்.

பூலே 1873-ல் தன் 'குலாம்கிரி' நூலை, அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அம்பேத்கர் 1946-ல் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972-ல் பம்பாய் இளைஞர்கள் தங்களைத் தலித் பேந்தர்ஸ் என்று அழைத்துக்கொண்டார்கள். அந்த மரபில் வந்த நாம், அமெரிக்கக் கறுப்பரின் படத்தை டீசர்ட்டில் போட்டுக்கொள்கிறோம். அந்த டீசர்ட்டை வாங்க வந்த கறுப்பரின் மொழிப் பெயர்கூட நமக்குத் தெரியாது. இதற்குப் பெயர் தோழமை அல்ல, ஃபேஷன்.

சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரியிலும் எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கல்லூரியிலும் இதைத் தொடங்கலாம். ஒரு ஆப்பிரிக்க மொழி, அடிமை வணிகத்தின் வரலாறு, நாலு நாவல்கள் போதும். செக்கிங்கிலும் பேக்கிங்கிலும் உழைப்பவர்களின் பிள்ளைகள் படிக்கும் இடம் அரசுக் கல்லூரிதான். உலகத்தை அறியும் உரிமை அவர்களுக்கே முதலில் வேண்டும். மாணவர் அமைப்புகள் இந்தக் கோரிக்கையைக் கையில் எடுக்கட்டும்.