சிவப்புப் பெட்டி சொன்னால் தீர்ப்பா?

ஆடித்தபசுத் திருவிழாவின் கொடியேற்றத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது எங்கள் டிடிபி கடையில் தமிழ் நின்றுபோனது. சங்கரன்கோவிலில் அந்த வாரம் எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. மண்டகப்படி அழைப்பிதழ், அன்னதான நோட்டீஸ் என்று வேலை குவிந்து கிடக்கும். டைப் அடிக்கும் தங்கச்சி கூப்பிட்டாள்: "அண்ணாச்சி, தமிழே விழ மாட்டேங்கு." திரையின் கீழ் மூலையில் இருக்கும் தட்டச்சு மென்பொருளின் சின்னத்தைக் காணோம். ஏழு வருஷமாக நாங்கள் புழங்கும் அந்த மென்பொருளை, முந்தின ராத்திரி அப்டேட் ஆன ஆன்டிவைரஸ் 'ட்ரோஜன்' என்று சொல்லி அடைத்துவைத்திருந்தது. சிவப்புப் பெட்டியைப் பார்த்ததும், அழைப்பிதழுக்கு வந்தவர் பென்டிரைவை உருவிக்கொண்டார். "வைரஸ் ஏறுன மிஷின்ல நம்ம வேலை வேண்டாம்."

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆன்டிவைரஸ் சொல்லிவிட்டால் அது வைரஸ்தான் என்ற நம்பிக்கை மேல்தான் கோபம்.

தமிழ்த் தட்டச்சு மென்பொருள் என்ன செய்கிறது? நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு விசையையும் வழியிலேயே பிடித்து, அதைத் தமிழ் எழுத்தாக்கிக் கொடுக்கிறது. பாஸ்வேர்டு திருடும் கீலாகரும் விசைகளை இப்படித்தான் பிடிக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டின் நடையும் ஒன்று. ஆன்டிவைரஸ் பல நேரம் நடையைப் பார்த்துத்தான் சந்தேகப்படுகிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

இன்னொரு அளவுகோல் இதைவிட அநியாயமானது. ஒரு கோப்பை உலகத்தில் எத்தனை பேர் இறக்கியிருக்கிறார்கள், அதில் காசு கட்டி வாங்கிய டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். கோடிப் பேர் இறக்கும் பிரவுசர் தேறிவிடும். அழகி, இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போல இலவசமாகக் கிடைத்த கருவிகளால்தான் ஒரு தலைமுறையே கணினியில் தமிழ் எழுதியது. அப்படி ஒன்றை இன்று புதிதாகச் செய்து வெளியிடுபவருக்கு, ஆள் பலம் இல்லை என்பதே குற்றமாகிவிடுகிறது. சின்ன மொழிகளின் மென்பொருளை இது முளையிலேயே கிள்ளுகிறது.

பெரியவர்களும் தப்பவில்லை. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி ஆன்டிவைரஸின் ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் உயிர்நாடியான எஸ்விசிஹோஸ்ட் கோப்பையே வைரஸ் என்றது. உலகெங்கும் கணினிகள் அணைந்து அணைந்து எழுந்தன. 2011 செப்டம்பரில் மைக்ரோசாஃப்டின் காவல் மென்பொருள் கூகுள் குரோமைத் திருடன் என்று பிடித்தது. 2012-இல் சோஃபோஸ் ஆன்டிவைரஸ் தன் சொந்த அப்டேட்டரையே பிடித்தது.

"பத்து ஆன்டிவைரஸ் ஒண்ணுபோலச் சொல்லுதே?" என்று கேட்பார்கள். காஸ்பர்ஸ்கி என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் 2010-இல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். தீங்கே இல்லாத 20 கோப்புகளை உருவாக்கி, அதில் 10-ஐ மட்டும் வேண்டுமென்றே வைரஸ் என்று குறித்து, ஒரு கோப்பைப் பல ஆன்டிவைரஸ்களிடம் ஒரே நேரத்தில் காட்டும் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றினார்கள். பத்தே நாளில், அந்தப் பத்தையும் வைரஸ் என்று சொன்ன மற்ற நிறுவனங்கள் 14 வரை போயின. பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதிய விடை அது.

சிவப்பு பொய்யாகலாம் என்றால் பச்சையும் பொய்யாகலாம். 2017-இல், கணினியைச் சுத்தம் செய்யும் சிசிகிளீனர் மென்பொருளின் அசல் பதிப்பிலேயே, செல்லுபடியாகும் கையெழுத்தோடு, திருட்டு நிரல் ஏறியிருந்தது. ஏறக்குறைய ஒரு மாதம் அது வெளியே தெரியவில்லை. 22 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்குப் போனது.

ஆன்டிவைரஸை அணைத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அணைக்கச் சொல்கிறவர்கள் வேறு. திருட்டு போட்டோஷாப்போடு வரும் குறிப்பில் முதல் வரியே 'ஆன்டிவைரஸை ஆஃப் செய்யவும்' என்றுதான் இருக்கும். பொய் எச்சரிக்கை பார்த்துச் சலித்தவன் அதை உடனே நம்புகிறான். நிஜ வைரஸ் அந்த வழியாகத்தான் நுழைகிறது.

பெட்டி சிவந்தால் எதையும் அழுத்தாமல் முதலில் விசாரியுங்கள். செய்தவரின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கியதா? அங்கே கோப்பின் கைரேகைபோல, எழுத்தும் எண்ணுமாக 64 குறிகள் கொண்ட SHA256 ஹாஷ் கொடுத்திருந்தால், விண்டோஸிலேயே இருக்கும் செர்ட்யுடில் கட்டளையில் SHA256 என்று குறிப்பிட்டு உங்கள் கோப்பின் ஹாஷை எடுத்து ஒப்பிடுங்கள். சந்தேகம் தீராவிட்டால் திறக்காமல் ஆன்டிவைரஸ் நிறுவனத்துக்கே அனுப்பிக் கேளுங்கள்.

நானும் அனுப்பினேன். தவறுதான், திருத்திவிட்டோம் என்று பதில் வந்தபோது தபசுக் காட்சி முடிந்து திருவிழாக் கடைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பென்டிரைவோடு போனவர் இன்னும் எங்கள் கடைப் படி ஏறவில்லை.