பட்டினி கிடந்தால் மூளை சுத்தமாகுமா?

செல் தன் கழிவைத் தானே செரித்துக்கொள்ளும் 'ஆட்டோபேஜி' எப்படி நடக்கிறது என்று கண்டறிந்ததற்காக, ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்கு 2016-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் ஈஸ்ட்டைப் பட்டினி போட்டுத்தான் அதைப் பார்த்தார். அதை மட்டும் பிடித்துக்கொண்டு, பதினாறு மணி நேரம் வயிற்றைக் காயப்போட்டால் மூளைக் கழிவு நீங்கும், மறதி நோய் அண்டாது என்று அடித்துச் சொல்லும் அறிவுரைகள் நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்கள்வரை வந்துவிட்டன. ஓசுமி செய்த இன்னொரு காரியத்தை யாரும் சொல்வதில்லை. அவர் எடுத்துக்கொண்டது செரிமான நொதி இல்லாத ஈஸ்ட். செரிக்காமல் தேங்கியதால்தான் கழிவுப் பைகள் நுண்ணோக்கியில் தெரியும் அளவுக்குக் குவிந்தன.

ஆட்டோபேஜி ஆய்வின் பெரிய சிக்கலே இதுதான். குப்பைக் கிடங்கு வாசலில் நிற்கும் லாரி வரிசையைப் படம் பிடித்தால், வேலை மும்முரமா, கிடங்கு பூட்டிக் கிடக்கிறதா என்று படம் சொல்லாது. அல்சைமர் நோயாளிகளின் மூளைத் திசுவில் இத்தகைய பைகள் ஏராளமாகத் தேங்கியிருப்பதை அமெரிக்காவின் ரால்ஃப் நிக்சன் குழு 2005-இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் காட்டியது. 2022-இல் அதே குழு அல்சைமர் மாதிரி எலிகளின் நரம்பு செல்களில் பச்சை, சிவப்பு என இரு ஒளிரும் புரதங்களைச் சேர்த்துப் பார்த்தது. அமிலத்தில் பச்சை அணைந்துவிடும், சிவப்பு நிற்கும். ஆகவே செரிமானம் நடக்கும் லைசோசோமில் அமிலம் போதுமா என்பதை நிறமே காட்டிவிடும். அல்சைமரின் அடையாளமான அமைலாய்டு புரதப் படிவுகள் செல்லுக்கு வெளியே தோன்றுவதற்கு முன்பே அமிலம் குறைந்திருந்தது. அதாவது, கோளாறு கழிவைத் திரட்டுவதில் அல்ல, செரிப்பதில். செரிமானம் குன்றிய செல்லில் பட்டினியால் மேலும் கழிவைத் திரட்டி என்ன பயன்?

ஆட்டோபேஜியைத் தூண்டும் மருந்துகள் எலிகளுக்குப் பலன் தந்தனவே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பெங்களூரு ஜவாஹர்லால் நேரு மையத்தில் ரவி மஞ்சித்தாயா குழு கண்டறிந்த '6-பயோ' என்ற மூலக்கூறு, பார்க்கின்சன் மாதிரி எலிகளின் நரம்பு செல்களைக் காத்ததாக 2017-இல் அக்குழு அறிவித்தது. ஆனால் 2011-இல் வெளியான ஓர் அல்சைமர் எலி ஆய்வில், ஆட்டோபேஜியைத் தூண்டும் ராபமைசின் என்ற மருந்து, படிவுகள் வருமுன் கொடுத்தபோதுதான் உதவியது. வந்தபின் கொடுத்தது பலிக்கவில்லை. எந்தக் கட்டத்தில் தூண்டுவது என்பதே இங்கே கேள்வி. மனித மூளையில் செரிமானம் எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய வழியில்லை. எம்.ஆர்.ஐ. மூளைச் சுருக்கத்தைக் காட்டும், பெட் ஸ்கேன் படிவைக் காட்டும். செல்லுக்குள் கழிவு செரிக்கும் வேகத்தை இரண்டும் காட்டா. அப்படியிருக்க, எத்தனை மணி நேரம் பட்டினி கிடந்தால் மூளை சுத்தமாகும் என்று எதை அளந்து சொல்கிறார்கள்?

ஏகாதசிக்கும் புரட்டாசி சனிக்கும் விரதம் இருப்பது வேறு. அது நம்பிக்கை, அதற்கு நுண்ணோக்கிச் சான்று தேவையில்லை. மருத்துவம் என்று சொல்லும்போதுதான் சான்று கேட்க வேண்டியிருக்கிறது. சான்றில்லாத இந்த அறிவுரையில் ஆபத்தும் உண்டு. பெரிய மாநிலங்களில், முதியோர் விகிதத்தில் கேரளத்துக்கு அடுத்த இடம் தமிழகத்துக்கு. சேலம், நாமக்கல் கிராமங்களில் சர்க்கரை மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் இல்லாத தெரு அரிது. அம்மாத்திரைகளில் சிலவற்றைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை தடாலென இறங்கும். குழப்பமும் மயக்கமும் வரும். மூளையைக் காக்கப் போய் மூளையையே பட்டினி போடுவது அது. தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்ட ஊழியர்கள் வீட்டு வாசலில் மாத்திரை கொடுக்கும்போது, "பட்டினி ஏதும் இருக்கீங்களா?" என்றும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.